கண்டக்டர் எழுதிக்கொடுத்த ஓட்டுப் பேச்சு

பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூருக்குப் போகிற பஸ்ஸில் அவர் கண்டக்டர், நான் கிளீனர். அந்தக் காலத்தில் கிளீனருக்குப் படிப்பு வேண்டாம். காலையில் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இஞ்சின் உதைக்கும், மணிக்கட்டு பத்திரம். ரேடியேட்டர் கொதித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓட வேண்டும். மூட்டை ஏற்ற வேண்டும், கோழிக் கூடையைக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் எழுத்து எதற்கு? நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இவர் சொல்லித்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை தோளில் தொங்கும். விசிலை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஒரு தடவை ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு தடவை ஊதினால் கிளம்பும். ஆனால் அந்த இரண்டு தடவை ஊதுவது என்றால் அவருக்கு உயிர் போகும். ஊதிவிட்டால் பஸ் கிளம்பிவிடுமே. வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், பின்னால் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். எங்கோ கொல்லைமேட்டில் ஒரு தலை தெரிந்தால் விசில் வாயிலிருந்து இறங்கிவிடும்.

"யாரோ வர்றாங்க பாய், கொஞ்சம் இருங்க."

டிரைவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வார்: "இது பஸ்ஸா, தேரா? வடம் புடிச்சு இழுக்கிறதுக்கு ஊரே வரணுமா?"

ஒருநாள் நல்லூர் தாண்டி ஒரு ராகிக் கொல்லையில் ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். இவர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். நின்றோம். அவன் வரவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான். இவர் இறங்கி வரப்பு மேலே நடந்து போய்க் கேட்டார், "வர்றியாப்பா?"

"எங்கண்ணா?"

"ஓசூருக்கு."

"நான் எதுக்கு ஓசூருக்கு வரணும்? கிளி ஓட்டறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. இவருக்கு வெட்கமே இல்லை. திரும்பி வந்து, "கிளி ஓட்டறானாம். நல்ல மகசூல்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். மறுநாள் அதே ஆள் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு ரோட்டு ஓரத்தில் நின்றிருந்தான். "நேத்து நீங்க கூப்பிட்டதுக்கப்புறம் எனக்கே போலாம்னு தோணிச்சு" என்று ஏறிக்கொண்டான். இப்படித்தான் எங்கள் பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்தது. இப்படித்தான் எங்கள் பஸ் தாமதமும் ஆனது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பஸ்ஸில் நாலு பாஷை ஏறும். தெலுங்குக்காரர் பேரிகையில் ஏறுவார், கன்னடக்காரர் பாகலூரில் ஏறுவார், தமிழ் எல்லா இடத்திலும் ஏறும், பாய்மார் உருதுவில் பேசிக்கொண்டு வருவார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் அவரவர் பாஷையில்தான் டிக்கெட் கேட்பார். ஆள் வாயைத் திறக்கும் முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூட்டையைக் கீழ வைக்கும்போது முனகுவாங்க பாரு, அதுல தெரிஞ்சிடும்" என்றார். அவர் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "எதுத்தாப்புல யாரு இருக்காங்களோ அவங்க பேசறதுதான்" என்பார்.

முதலாளி கூப்பிட்டுத் திட்டுவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார். மறுநாள் மறுபடியும் நிற்பார்.

இந்தத் தாமதத்தில் மாட்டிக்கொண்டவன் என் தம்பி முனிராஜ்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன ஒரே பிள்ளை அவன். ஓசூர் உயர்நிலைப் பள்ளியில் நாலாம் பாரம், இப்போது சொல்கிற ஒன்பதாம் வகுப்பு. பேரிகையிலிருந்தும் வழியிலிருக்கிற ஊர்களிலிருந்தும் கொஞ்சம் பையன்கள் எங்கள் பஸ்ஸில்தான் வருவார்கள். நாங்கள் ஓசூர் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். மணி அடித்தபின் வருகிறவன் பெயரை வகுப்பு லீடர் எழுதுவான். பெயர் எழுதப்பட்டவன் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வேண்டும். முதல் பீரியட் கணக்கு. இவன் தினம் கணக்கைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றான். சுவர் வழியாகக் காது கேட்கும், போர்டு தெரியுமா?

கால் பரீட்சையில் கணக்கில் போய்விட்டான். அப்பா ஒன்றும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ராகிக் கதிர் கசக்கிக்கொண்டே சொன்னார், "முழுப் பரீட்சையிலயும் இப்படித்தான்னா, வந்து ஏரைப் புடி. உங்கண்ணன் பஸ்ஸுக்குப் போய்ட்டான், எனக்கும் ஆள் வேணும்." அப்பா ஒரு தடவைதான் சொல்வார். அதன்பிறகு தம்பி சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது நாட்டில் முதல் தடவையாகப் பெரிய ஓட்டு நடந்து முடிந்திருந்தது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சின்னம். ஊர் முழுக்க அதே பேச்சு. அந்த ஆசையில் வகுப்பு வாத்தியார், இனிமேல் லீடரை நான் சொல்லமாட்டேன், நீங்களே ஓட்டுப் போட்டு எடுங்கள் என்று சொல்லிவிட்டார். நிற்கிறவன் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். ஏற்கெனவே லீடராக இருந்தவன் மண்டிக்காரர் மகன். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தமிழ் நன்றாகப் பேசுவான். அவன் பேரைக் கொடுத்தான். எங்கள் பஸ் பையன்கள் முனிராஜைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். லீடரே நம்ம ஆள் என்றால் யார் பெயரை யார் எழுதுவது?

தம்பி என்னிடம் வந்து, "பேசறதுக்கு எழுதித் தாண்ணா" என்றான். என்னிடம்! நான் போய்க் கண்டக்டரிடம் நின்றேன்.

அவர் விஷயத்தைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையன்கள் வராந்தாவில் நிற்பது அவருக்கு அதுவரை தெரியாது. "தினமுமா நிக்கறானுங்க?" என்றார்.

"தினமும்ண்ணா."

"கணக்கு பீரியட்டுலயா?"

"ஆமாண்ணா."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். டிக்கெட் கணக்கு எழுதுகிற பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தார். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "உங்க கிளாசுல யார் யாரு இருக்காங்க? ஒருத்தனையும் விடாம சொல்லு."

அவர் முதலில் எழுதிய பேச்சு எங்கள் பஸ் மாதிரியே இருந்தது. ஒவ்வொரு ஊராக நின்றது. பேரிகைப் பையன்களுக்கு ஒரு வணக்கம், நல்லூருக்கு ஒன்று, பாகலூருக்கு ஒன்று, நடுவில் இருக்கிற பட்டிதொட்டிக்கெல்லாம் ஒவ்வொன்று. கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் உருது. தம்பி படித்துக்கொண்டே இருந்தான், வணக்கமே முடியவில்லை. பாய் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டார், "ஏம்பா, இந்தப் பேச்சு எப்போ ஓசூர் போய்ச் சேரும்?"

கண்டக்டர் சிரித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டார். "சரி. ஊரை விட்டுடுவோம். ஆளை விட வேணாம். சின்னவனே, உங்க வீட்டுல எப்படிப் பேசுவீங்க?"

தம்பி உள்ளதைச் சொன்னான். எங்கள் அம்மா ஆந்திரா பக்கம் பிறந்தவள், அவளிடம் தெலுங்கு. அப்பாவிடம் தமிழ். எங்கள் எருதுகள் இரண்டும் மாலூர்ப் பக்கத்துச் சந்தையில் வாங்கியவை, அவற்றுக்குக் கன்னடத்தில் சொன்னால்தான் திரும்பும். தமிழில் கத்தினால் நின்று நம்மையே பார்க்கும்.

"இதான்! இதைச் சொல்லு. கிளாசு மொத்தமும் இதுல வந்துடுச்சு பாரு" என்று தொடையைத் தட்டினார். அப்புறம் கேட்டார், "டவுன் பசங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அவனுங்களுக்கு என்ன கஷ்டம்ண்ணா? பக்கத்துலயே வீடு."

"இருக்கும். கேட்டுட்டு வா."

"அவனுங்க எனக்கு ஓட்டுப் போட மாட்டானுங்க."

"ஓட்டுப் போடாட்டி என்னா, அவனும் பஸ்ஸுல இருக்கறவன்தானே? கேட்டுட்டு வா."

கேட்டுவிட்டு வந்தான். கஷ்டம் இருக்கத்தான் செய்தது. வெளியூர்ப் பையன்கள் மத்தியானம் ராகிக்களியைத் தின்றுவிட்டு வகுப்பில் வைத்திருக்கிற பானைத் தண்ணீரைக் காலி செய்துவிடுகிறார்களாம். டவுன் பையன்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய் வெயிலில் திரும்பி வந்தால் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காதாம். கண்டக்டர் அதை எழுதிக்கொண்டார்.

ஓட்டுக்கு முதல் நாள் காலை, பாகலூர் தாண்டி ஏரிக்கரையில் ரேடியேட்டர் கொதித்தது. நான் வாளியோடு இறங்கினேன். ஜனங்களும் இறங்கி நிழலில் நின்றார்கள். கண்டக்டர் கையைத் தட்டினார். "இந்தத் தம்பி நாளைக்குப் பேசப் போறான். எல்லாரும் ஒரு தடவை கேளுங்க. நல்லா இல்லன்னா இங்கயே சொல்லிடுங்க."

தம்பி ஸ்டெப்னி மேல் ஏறி நின்றான். "எங்க வீட்டுல அம்மாவுக்குத் தெலுங்கு, அப்பாவுக்குத் தமிழ், எருதுங்களுக்குக் கன்னடம்" என்று ஆரம்பித்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

வெற்றிலைக் கூடைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாகலூரில் ஏறியவர், தலைப்பாகைக்காரர். எழுந்து வந்தார்.

"ஏனப்பா, எங்க பாஷை மாட்டுக்கு மட்டும்தானா? அம்மாவுக்கு ஒண்ணு, அப்பனுக்கு ஒண்ணு, நாங்க கொட்டாயில இருக்கணுமா?"

சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். தம்பி ஸ்டெப்னியிலிருந்து இறங்கிவிட்டான். இதையே வகுப்பில் பேசியிருந்தால் கன்னடப் பையன் ஒருவன்கூட அவன் பெட்டிப் பக்கம் போயிருக்க மாட்டான். எங்களுக்குத் தோன்றவே இல்லையே! எருதுக்குக் கன்னடம் என்பது எங்கள் வீட்டில் தினம் நடக்கிற சங்கதி. அதில் ஒருவருக்கு வலிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

கண்டக்டர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். வெற்றிலை ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கன்னடத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். எங்கள் எல்லோருக்கும் அது புரியும். வீடு எங்கே, நிலம் எவ்வளவு, எத்தனை பிள்ளை. அப்புறம் கேட்டார், உங்கள் எருதுகள் சொன்ன பேச்சைக் கேட்குமா என்று.

பெரியவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "எருது கேக்கும். ஒரு சத்தம் போதும். மகன்தான் கேக்க மாட்டான்."

கண்டக்டர் துள்ளி எழுந்தார். "சின்னவனே, ஏறு மேல! எருதுங்களுக்குக் கன்னடம்னு சொல்லிட்டு நிறுத்தாத. எங்க வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்கறதும் அதுங்க மட்டும்தான்னு சொல்லு!"

தம்பி ஏறிச் சொன்னான். பெரியவர்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. "ஆமாப்பா, ஆமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. ஹாரனை அமுக்கி அமுக்கிப் பாய்க்குக் கை வலித்துப் போயிற்று. அன்றைக்கும் பையன்கள் வராந்தாவில்தான் நின்றார்கள்.

மறுநாள் நாங்கள் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்வருகிற நடையை முடித்துக்கொண்டு ஓசூரில் நின்ற நேரத்தில்தான் அந்த ஓட்டு. கண்டக்டர் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வாத்தியார் நல்லவர், ஜன்னல் ஓரம் நின்று பார்க்கலாம் என்றார். மேசைமேல் இரண்டு சாக்பீஸ் பெட்டிகள். ஒன்றில் ஏணி வரைந்திருந்தது, ஒன்றில் பானை. பானை எங்களுடையது.

மண்டிக்காரர் மகன் முதலில் பேசினான். ஒழுங்கு வேண்டும், சுத்தம் வேண்டும், வகுப்புக்கு நல்ல பெயர் வேண்டும் என்றான். அழகாகப் பேசினான். எனக்கே அவனுக்குப் போடலாம் போல இருந்தது.

அப்புறம் முனிராஜ். எருதில் ஆரம்பித்தான். வகுப்பு சிரித்தது, கன்னடப் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். "லேட்டா வர்றவன் படிப்பு வேணாம்னு லேட்டா வர்றதில்ல. சாணி அள்ளிட்டு, மாட்டைக் கட்டிட்டு, நடந்து வந்து பஸ் ஏறி வர்றான். டவுன்ல இருக்கறவனுக்கும் கஷ்டம் இருக்குது. வெயில்ல வந்தா பானை காலியா இருக்குது. அந்தப் பானையைக் காலி பண்றது நாங்கதான். எனக்குப் போட்டா ரெண்டாவது பானை வைப்பேன், நாங்களே தண்ணி சேந்தி வைப்போம். யார் பேரையும் எழுதி வெளியில நிக்க வைக்க மாட்டேன்."

டவுன் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது. அப்போதுதான் மண்டிக்காரர் மகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"பேர் எழுதாம விடறதுக்கு நீ யாருடா? ரூல் இருக்குதில்ல? உங்க பஸ்ஸை நேரத்துக்கு வரச் சொல்லேன்!"

வகுப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது. அது நியாயமான கேள்வி. வாத்தியார்கூடத் தலையை ஆட்டினார். டிரிப் ஷீட்டில் அதற்குப் பதில் இல்லை. தம்பி காகிதத்தைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து சொன்னான்:

"வரும். நாளையிலருந்து நேரத்துக்கு வரும். கண்டக்டர் அண்ணா அதோ நிக்கறாரு. கேட்டுக்கோ."

வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாரே, அதே மாதிரி. யாரும் வரவில்லை. பிறகு அந்தப் பையன்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரே ஒரு தடவை.

பானை ஜெயித்தது. கொஞ்சம் ஓட்டில்தான். ஆனாலும் ஜெயித்தது.

சாயங்காலம் பஸ்ஸில் பையன்கள் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். தம்பி மட்டும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, "மன்னிச்சிடுங்கண்ணா, வாயில வந்துடுச்சு" என்றான்.

"வந்தது வந்துடுச்சு. நானும் தலையை ஆட்டிட்டேன்" என்றார்.

பாய் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு யாராச்சும் கிளி ஓட்டினா என்னா பண்ணுவே?"

மறுநாள் காலை அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆள் ஏறியதும் விசில், உடனே பஸ். பேரிகையில் ஒரு கல்யாணக் கூட்டத்தை வேட்டியைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றினார். நல்லூரில் ஒருவர் புகையிலை வாங்கி வருகிறேன் என்றார். "ஓசூர்ல வாங்கிக்கலாம் மாமா, ஏறுங்க" என்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அடி வாங்குகிறவன் முகம். பாகலூர் தாண்டியாயிற்று, ஏரி தாண்டியாயிற்று, டிக்கெட் எல்லாம் கிழித்தாயிற்று. ஓசூருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பையன்கள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சீட் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பார்த்தால், வலது பக்கம் வெகுதூரத்தில், கொள்ளுக் காட்டு வரப்பில் இரண்டு பேர். ஒரு பாட்டன் கோலூன்றி வருகிறார், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை, இடுப்பில் துணி சுற்றிய குழந்தை. பொம்பளை ஒரு கையைத் தூக்கினாள். அவர்கள் வந்து சேர ஒரு பீடி குடித்து முடிக்கலாம்.

கண்டக்டர் ஒரு விசில் ஊதிவிட்டார். பழக்கம். பஸ் நின்றது.

பாய் திரும்பிப் பார்த்தார். முனிராஜ் கண்டக்டரைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "போலாம்ண்ணா" என்று அவன் சொல்லவில்லை. "நிக்கட்டும்ண்ணா" என்றும் சொல்லவில்லை.

கண்டக்டர் தோள் பையைக் கழற்றினார். என் கழுத்தில் மாட்டினார். "பெரியவனே, இதைப் பாத்துக்கோ" என்றார். படியிலிருந்து ரோட்டில் இறங்கினார். இரண்டு விசில் ஊதினார்.

பாய்க்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "ஏறுய்யா!" என்றார்.

"நீங்க போங்க பாய். மணி அடிச்சுடும்."

பஸ் கிளம்பியது. நான் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் ரோட்டில் நின்று காத்திருக்கவும் இல்லை. வரப்பில் இறங்கி அவர்களை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறது வரைக்கும் தெரிந்தது. அப்புறம் திருப்பம் வந்துவிட்டது.

நாங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் பையன்களை இறக்கிவிட்ட பிறகுதான் மணி அடித்தது. கிருஷ்ணகிரி நடைக்குக் கிளம்புகிற சமயத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு மாட்டுவண்டியில் அவர் வந்து இறங்கினார். பாட்டனையும் அந்தப் பொம்பளையையும் பத்திரமாக இறக்கி ஆஸ்பத்திரிக்கு வழி காட்டிவிட்டுத்தான் என் பக்கம் வந்தார். கேட்டது ஒன்றுதான்.

"எவனாச்சும் வெளியில நின்னானா?"

"இல்லண்ணா. எல்லாரும் உள்ள."

பையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

தம்பி அந்த வருஷம் கணக்கில் தேறிவிட்டான். அப்பா கலப்பைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு ஓசூர் வந்தது, குறை சொல்ல முடியாது. கண்டக்டர்தான் அடிக்கடி லேட்டாக வந்தார்.